ஜிமிக்கியைப் பார்த்து எழுதிய பரீட்சை

ஜூலை 7, ஞாயிறு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. ‘ஞ’ வந்தால் கை நின்றுவிடுகிறது. நாற்பது வருடம் தறி ஓட்டிய கைக்குப் பேனா வெறும் ஈர்க்குச்சி. அழுத்தினால் தாள் கிழிகிறது, அழுத்தாவிட்டால் எழுத்து விழ மாட்டேன் என்கிறது. இதுவரை எழுதியதற்கே இரண்டு டம்ளர் டீ ஆகிவிட்டது.

என் பெயர் சென்னியப்பன். இதை நானே எழுதினேன். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சென்னியப்பன். நன்றாகத்தான் இருக்கிறது.

மில் கணக்கில் எனக்கு வயது ஐம்பத்தேழு. என் அம்மா கணக்கில் அறுபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று டைம் கீப்பர் என் மீசையைப் பார்த்து ஒரு வயது போட்டுக்கொண்டார். எனக்கு மீசை தாமதமாகத்தான் முளைத்தது.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. என் வீட்டுக்காரி பூவாத்தாள்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். “பஸ் போர்டாச்சும் படிப்பீங்கல்லோ” என்றாள். டீச்சர் பெயர் சகாயமேரி. வாரத்தில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. நான் தாளில் எழுதுவதை அவர் திருத்துவார். திருத்தியதைப் பார்த்து இந்த நோட்டில் நிதானமாக எழுதுவேன். ஆகவே இதில் உள்ள நல்ல தமிழ் டீச்சருடையது. கோணல் என்னுடையது.

ஜூலை 10, புதன்

இன்று பஸ் போர்டு படித்தேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஜூலை 14, ஞாயிறு

‘காலம் எப்படி மாறிவிட்டது’ என்று எழுதச் சொன்னார் டீச்சர்.

காலம் ரொம்ப மாறிவிட்டது. பொருள்களில் தரம் இல்லை. குக்கர் விசில் அடிப்பதே இல்லை. பூவாத்தாளிடம் சொல்லி வேறு குக்கர் வாங்கினோம், அதுவும் அப்படித்தான். டி.வி.யில் படம் பெரிதாகிவிட்டது, சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆட்கள் முன்போல் வாயைத் திறந்து பேசுவதில்லை. முக்கியமாக டாக்டர்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள், பேச்செல்லாம் காகிதத்துக்குள் போய்விடுகிறது. எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்களே, அந்த வருடம் ஊரே ஊமையாகிவிட்டது. அந்த நோய் தொண்டையைத்தான் முதலில் பிடிக்கும் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் தறிக் கூடம் மட்டும் மாறவில்லை. அங்கே எவ்வளவு கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரனுக்குக் கேட்காது. அதனால் கத்த மாட்டோம். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்போம். மீதி வேலையைப் புருவமும் விரலும் செய்யும். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவன் தன் அண்ணன் மகனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்வான், இந்தக் கோடியில் நான் சிரிப்பேன். தறியில் கோளாறு என்றால் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைப்பேன். எங்கே தட்டுகிறது என்று கை சொல்லிவிடும்.

பூவாத்தாளும் அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் முதன்முதலில் என்னைத் திட்டியபோது ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகுதான் பெண் கேட்டுப் போனேன்.

வீட்டில் அவள் குரல் மணி மாதிரி இருந்தது. பங்குனியில் அவள் முன்பல்லை எல்லாம் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து குரல் தெளிவில்லை. பல்லுக்கும் குரலுக்கும் இவ்வளவு சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. பல் செட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறோம்.

ஜூலை 21, ஞாயிறு

டீச்சர் என் தாளில் சிவப்பு மையில், ‘எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறதே, ஐயா?’ என்று கேட்டிருக்கிறார். டீச்சர் சம்பளக்காரர், நல்ல கம்பெனிக் குக்கராக வாங்கியிருப்பார்.

போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ருக்மணி இன்று என்னிடம், “உங்கூட்ல மட்டும் ஒரு நாளும் சண்டைச் சத்தமே கேட்டதில்லீங்ணா. குடுத்து வெச்ச சோடி” என்றாள். அதற்குச் சற்று முன்புதான் பூவாத்தாள் ஒரு மணி நேரம் என்னைத் திட்டி முடித்திருந்தாள். சின்ன வயதிலேயே ருக்மணிக்குக் காது இப்படி ஆகிவிட்டது. பாவம்.

ஜூலை 24, புதன்

ஞாயிறு இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் ஒரு இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கூடத்தில் ஓர் ஆள் இல்லை. தறிகள் பாட்டுக்கு ஓடுகின்றன. என்னை விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். தறிகளை அப்படியே விட மனம் வரவில்லை. ஓடி ஓடி எல்லாத் தறியையும் நானே பார்த்தேன். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ஆடி நோம்பிக்கு ஜோடனை செய்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

மேனேஜர் வந்தார். நான் செய்த வேலையைப் பார்த்து ஏதாவது தருவார் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“தீ வந்தா எப்புடி ஓடறதுன்னு ஒத்திகை நடக்குது. சைரன் ஊருக்கோடி வரைக்கும் கேட்டிருக்குது. நீங்க தறி ஓட்டீட்டிருக்கறீங்க!”

“தறியை உட்டுப்போட்டு ஓடறது ஒரு ஒத்திகைங்களா?” என்றேன்.

“நெசமாலுமே தீப்புடிச்சிருந்தா?”

“தீ வந்தா சூடு தெரியுமல்லங்க.”

அவர் நோட்டை எடுத்தார். ஏதோ எழுதிக்கொண்டே போனார்.

ஜூலை 28, ஞாயிறு

மில்லிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. என் வாழ்நாளில் எனக்கு வந்த முதல் கடிதம். பூவாத்தாள் படிக்கிறேன் என்றாள். கொடுக்கவில்லை. நானே வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். என் பெயர் அச்சில் வந்திருந்தது. ‘தாங்கள்’ என்று போட்டிருந்தார்கள். அடுத்த வரியில் ஒரு சொல், ரயில் மாதிரி நீளம். விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, தடுக்காமல் படித்துவிட்டேன்.

‘செவித்திறன்குறைபாட்டினால்.’

அந்தச் சந்தோஷத்தில் பூவாத்தாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். ‘பணிபுரியத் தகுதியற்றவர்’ என்று இருந்தது. அது கொஞ்சம் சின்னச் சொல்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பல் செட் வந்தது. பூவாத்தாளின் குரல் திரும்பிவிட்டது. பழையபடி மணி.

முதலில் சொன்னது, “நாளையிலிருந்து கழிவுத்துணி பிரிக்கற கொட்டாய்க்கு வேலைக்குப் போறேன்.”

“உனக்கு மூச்சு வாங்குமே” என்றேன்.

“வாங்கினாப் போச்சு. வாடகை ஆரு குடுப்பாங்க, சைரனா?”

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவள் விடிந்ததும் கொட்டாய்க்குப் போகிறாள். சாயங்காலம் தலை முழுதும் பஞ்சாகத் திரும்பி வருகிறாள். வந்ததும் இருமுகிறாள். நான் சோறு ஆக்கி வைக்கிறேன். விசில் அடிக்காத குக்கரில் எப்போது வேகிறது என்று தெரிவதில்லை. இந்த வாரம் இரண்டு தடவை சோறு கரிந்தது. இப்போது மூடியின் மேல் கை வைத்துப் பார்த்து இறக்குகிறேன். கையில் கொப்புளம்.

திருமூர்த்தி வந்தான். முன்பு என் பக்கத்துத் தறிக்காரன், இப்போது யூனியன் செயலாளர். அவன் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

“இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்குதுங்ணா. ஒண்ணு, நாப்பது வருச சர்வீசுக்குப் பணிக்கொடை. அதை மில்லுக்காரன் குடுத்தே ஆகோணும். அதை நான் பாத்துக்கறேன். ரெண்டாவது, தறிச் சத்தத்துல காது போனா அது வேலையில அடிபட்ட கணக்கு. ஈ.எஸ்.ஐ.ல மாசாமாசம் பணம் வரும்.”

“எனக்கு எதுக்கப்பா தருமக்காசு?”

“தருமமா? உங்க சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்களே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? மேனேஜரு மக கல்யாணத்துக்கா?”

“எனக்குத்தான் காது நல்லாக் கேக்குதே. நீ பேசறதுக்கு நான் பதில் சொல்லலியா?”

திருமூர்த்தி பூவாத்தாளைப் பார்த்தான். பூவாத்தாள் கூரையைப் பார்த்தாள்.

“செரி. ஆஸ்பத்திரில மெடிக்கல் போர்டு டாக்டருங்க காதுக்கு ஒரு பரீட்சை நடத்துவாங்க. அதுக்கு மட்டும் போயிட்டு வாங்க” என்றான்.

பரீட்சை! நான் இதுவரை ஒரு பரீட்சையும் எழுதியதில்லை. பாஸ் செய்துவிட்டால் மில்லில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே. பூவாத்தாளும் கொட்டாய்க்குப் போக வேண்டாம். இதை அவனிடம் சொல்லவில்லை. செய்து காட்டிவிட்டுச் சொல்லலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பரீட்சைக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்க வேண்டும், பயப்படக் கூடாது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். புதுப் பேனா வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

பேனா தேவைப்படவில்லை.

ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினால் பெட்டிக்குள் போட்ட மாதிரி. முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மிணி, மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் காதில் பெரிய மூடி மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, “சத்தம் வர்றப்பல்லாம் வெரலைத் தூக்குங்க ஐயா” என்றாள். பிறகு திரும்ப அந்தப் பக்கம் போய் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

இது எனக்குப் பழக்கமான வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் நான். அவள் மெஷினில் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் காதிலிருந்த ஜிமிக்கி லேசாக ஆடியது. ஜிமிக்கி ஆடியதும் விரலைத் தூக்கினேன். வலது காது, இடது காது, ஒன்றையும் விடவில்லை. ஒரு தடவை அவள் ஈயை ஓட்டினாள், அப்போதும் ஜிமிக்கி ஆடியது. ஆனால் அது வேறு ஆட்டம். நான் ஏமாறவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அதிர்ஷ்டவசமாக என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இந்த வயசுல, தறில இருந்துட்டு, இப்படி ஒரு காதா? எனக்கே இப்படி இல்லையே!”

முதல் பரீட்சை. முழு மார்க். வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

டீச்சருக்கும் வகுப்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். ருக்மணிக்கும் கொடுத்தேன். அவளும் ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டிவிட்டு வரலாம் என்று சொன்னேன். ஏனோ கோபித்துக்கொண்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

மூன்று வாரம் எழுதவில்லை. டீச்சர் கோபித்துக்கொண்டார். எழுத மனம் வரவில்லை என்பதுதான் காரணம்.

மெடிக்கல் போர்டிலிருந்து காகிதம் வந்தது. ‘செவித்திறன் இயல்பாக உள்ளது. இழப்பீடு பெறத் தகுதி இல்லை.’ நான் அதை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போனேன். மேனேஜர் முன்னால் வைத்தேன்.

“டாக்டருங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு எந்த ஷிப்டுங்க?”

மேனேஜர் படித்தார். எழுந்து என் பின்னால் போனார். நான் காந்தி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் திரும்ப முன்னால் வந்தார்.

“இப்ப உங்களுக்குப் பொறத்தாண்ட நின்னு மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்புட்டேன்” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் திருமூர்த்தி நின்றிருந்தான். காகிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏனுங்ணா, ஊருல எல்லாரும் பாஸாகோணும்னு சாமி கும்புடுவாங்க. பெயிலாக வேண்டிய ஒரே ஒரு பரீட்சை, அதுல போயி முழு மார்க்கு வாங்கீட்டு வந்து நிக்கறீங்களே!”

“நல்லாச் செஞ்சா தப்பா?”

“மில்லுக்காரன் காது கேக்கலேங்கறான், வேலை இல்லை. டாக்டரு கேக்குதுங்கறாரு, பணம் இல்லை. இந்தக் காதை வெச்சுக்கிட்டு நடுவால நின்னு என்ன செய்யப் போறீங்க, பூ வைக்கப் போறீங்களா?”

பிறகு அவனே சமாதானமாகி, இதற்கு மேல்முறையீடு உண்டு, மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அது நம் உரிமை என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். டீ கசந்தது. மைசூர்பாகு இன்னும் கொஞ்சம் வீட்டில் இருக்கிறது. பூவாத்தாள் தொடவே இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

பரீட்சை எப்படி நடந்தது என்று விவரமாக எழுதச் சொன்னார் டீச்சர். ஜிமிக்கி ஆடியதை எழுதினேன், ஈ ஓட்டியதையும் எழுதினேன். டீச்சர் படித்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“ஐயா, நம்ம வகுப்பில பழனாத்தா பாட்டி உங்க சிலேட்டைப் பாத்து எழுதுனா என்ன சொல்லுவீங்க?”

“காப்பியடிக்குதுன்னு சொல்லுவேன் டீச்சர். போன வாரம்கூடச் சொன்னேனே.”

“நீங்க அந்தப் பொண்ணோட ஜிமிக்கியைப் பாத்து விரலைத் தூக்குனது?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் பரீட்சை. அதில் காப்பி அடித்திருக்கிறேன். அரைக் கிலோ மைசூர்பாகு வேறு கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேறொன்று அரித்தது. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் காப்பியா? அப்படியானால் இத்தனை வருடமாக நான் எதைத்தான் கேட்டேன்?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. போனஸ் இல்லை, ஆனால் கறி எடுத்தோம். இந்த வருடம் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை போலிருக்கிறது. வாசல் நிறையச் சிவப்புக் காகிதம் மட்டும் கிடந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

புதன்கிழமை மறுபரீட்சை. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு எழுதப்போகிறேன் என்று திருமூர்த்தியிடம் சொன்னேன். “மவராசனா மூடுங்க” என்றான்.

பூவாத்தாளுக்கு இருமல் கூடிவிட்டது. இருமும்போது முதுகு குலுங்குகிறது. கொட்டாயில் அடுத்த வாரம் வேலை அதிகமாம். நான் புதன்கிழமை ஒழுங்காகச் செய்தால் நின்றுவிடுவாயா என்று கேட்டேன். “பணம் வந்து கையில நிக்கட்டும், பொறவு நான் நிக்கறேன்” என்றாள்.

வீட்டிலேயே ஒரு தடவை கண்ணை மூடி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு தடவை மூடப் போனேன். மூடவில்லை. பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைப் பார்ப்பது தவறு.

நவம்பர் 27, புதன்

அதே அறை, அதே அம்மிணி, அதே ஜிமிக்கி. காதில் மூடியை மாட்டுவதற்கு முன்னால் நான் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். இவர் வேறு டாக்டர், அம்மா டாக்டர்.

“எதுக்குங்க ஐயா துண்டு?”

“போன தடவை இந்த அம்மிணியோட ஜிமிக்கியப் பாத்து எழுதீட்டனுங்க. தப்புத்தானுங்க. இந்த வாட்டி சொந்தமா எழுதறேன்.”

டாக்டரம்மாள் அந்த அம்மிணியைப் பார்த்தார். அவள் கையால் ஜிமிக்கியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை நிறுத்தி, என் கையிலிருந்த துண்டை வாங்கி அவரே இறுக்கமாகக் கட்டிவிட்டார்.

இருட்டு. விரலைத் தயாராக முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். அவர்கள் ஆரம்பிக்கவில்லை. காத்திருந்தேன். இடது காதில் ஒரே ஒரு தடவை, தூரத்தில் வண்டு பறப்பது போல் ஏதோ இருந்தது. விரலைத் தூக்கினேன். மறுபடி ஒன்றும் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளங்கையை நாற்காலி மேல் வைத்துப் பார்த்தேன். நாற்காலியும் ஒன்றும் சொல்லவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். துண்டை அவிழ்த்தேன்.

“எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

அந்த அம்மிணிக்குக் கண் கலங்கியிருந்தது. “முடிஞ்சிருச்சுங்க ஐயா. ரெண்டு காதும் முடிஞ்சிருச்சு” என்றாள்.

வெளியே திருமூர்த்தி பெஞ்சில் இருந்தான். “என்னாச்சுங்ணா?” என்று உதட்டால் கேட்டான். சத்தம் போட்டுக் கேட்டானோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்?

“சொந்தமா எழுதீட்டேன்” என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்று நாள் யோசித்தேன். அறைக்குள் ஒரு வண்டு மட்டும்தான் கேட்டது. ஆனால் வீட்டில் பூவாத்தாள் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

இன்று அவள் அடுப்படியில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் முன்னால் போய் நின்றேன்.

“நான் கண்ணை மூடிக்கறேன். நீ பேசு.”

கண்ணை மூடினேன். ஒன்றும் இல்லை. திறந்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. கடைசி வார்த்தை மட்டும் கிடைத்தது, “பைத்தியம்.”

“சத்தமாப் பேசு.”

மூடினேன். ஒன்றும் இல்லை. திறந்தேன். அவள் பேசவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் அவள் முகவாயைத் தூக்கினேன், அப்போதுதானே பேச்சு தெரியும்.

“சத்தம் போட்டு மூணு வருசம் ஆச்சுங்க” என்றாள். “முந்தியெல்லாம் கத்திக் கத்திப் பாத்தேன். நீங்க திரும்பவே மாட்டீங்க. எம் மூஞ்சியப் பாத்தா மட்டும் டக்குனு பதில் சொல்லுவீங்க. பொறவு சத்தம் எதுக்குன்னு உட்டுட்டேன். மில்லுல பேசுனாப்பல பேசறேன். தொண்டையாச்சும் மிச்சம்.”

அந்த மணி மாதிரிக் குரல் எங்கிருந்து வந்தது? பழைய குரலை நானே எடுத்து அவள் உதட்டுக்குப் போட்டுக்கொண்டேன் போலிருக்கிறது.

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? குக்கரை மாத்துனீங்க. டி.வி.யை ஒடைக்கப் போனீங்க. பல்லைப் புடுங்குனப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. நாஞ் சொல்றது ஒண்ணும் உங்களுக்கு வெளங்கலே. நாளைக்கு உங்க கண்ணும் மங்கீருச்சுன்னா நான் ஆருகிட்டப் பேசறது? அதுக்குத்தான் எழுத்துப் படிக்க அனுப்புனேன். பெருசா எழுதியாச்சும் திட்டலாம்னு.”

“பஸ் போர்டுக்குன்னு சொன்னே?”

“நீங்க எந்த ஊருக்குப் போறீங்க, பஸ் போர்டு படிக்க?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பல் செட் கொஞ்சம் நழுவியது. பிறகு நான், ஒரே ஒரு தடவை நிஜமாகச் சத்தம் போட்டுத் திட்டு என்றேன். மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். கண்ணை மூடிக்கொண்டு, அவள் இடுப்பிலிருந்த குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

குடம் பேசியது. முதலில் மெல்ல, துருப்பிடித்த மாதிரி. பிறகு தறி வேகம் பிடிப்பது போல் தடதடவென்று. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் மூன்று வருடக் கணக்கு முழுதும் வருகிறது என்று கைக்குத் தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாசலில் ருக்மணி மூச்சு வாங்க நின்றாள். “என்னாச்சுங்க்கா? உங்கூட்டுக்குள்ளருந்து பொம்பளை கத்தற சத்தம் கேட்டுதே! ஆரு வந்திருக்கறாங்க?” என்றாள்.

ருக்மணிக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

காகிதம் வந்தது. இந்த முறை தடுக்காமல், முழுதாக, நானே சத்தமாகப் படித்தேன். தெருவே நின்று கேட்டதாம். செவித்திறன் போனதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு போனதோ அவ்வளவு மார்க் என்று திருமூர்த்தி சொன்னான். அப்படிப் பார்த்தால் நல்ல மார்க்தான், சொந்தமாக எழுதியது. மாசாமாசம் பணம் என் உயிர் உள்ளவரை வரும். பணிக்கொடைக்கு மில் இன்னும் இழுக்கிறது. திருமூர்த்தி விடுவதாக இல்லை. “சைரனைக் கழட்டியாந்து அவன் காதுல வெச்சு ஊதறேன்” என்கிறான்.

முதல் பணம் கைக்கு வந்தது. பூவாத்தாள் கொட்டாயிலிருந்து நின்றுவிட்டாள். இருமல் இன்னும் இருக்கிறது, மருந்து வாங்கியிருக்கிறோம். பழைய மைசூர்பாகு கெட்டுப்போய்விட்டதால் புதிதாகக் கால் கிலோ வாங்கினேன். இந்தத் தடவை அவள் முதல் துண்டை எடுத்தாள்.

காதுக்கு மெஷின் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை வந்து மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் கேட்காது, கொஞ்சம் கேட்கும் என்றார் டாக்டரம்மாள். முதலில் என்ன கேட்க ஆசை என்று டீச்சர் கேட்டார். குக்கர் விசில் என்றேன். பொய். டீச்சருக்கும் தெரியும், திருத்தவில்லை.

பூவாத்தாள் இரண்டு நாளாகத் தனியாக அடுப்படியில் நின்று எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். முதல் திட்டு எது என்று இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது. அது எதுவாக இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை விடாமல் இந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்காமல், காதால் கேட்டு.